பாஞ்சாலி கூந்தல் முடிக்கும் நேரம்

சனிக்கிழமை இரவு எங்கள் கூத்துச் சங்கத்தின் கணக்கு நோட்டை மூடும்போது மணி பதினொன்றரை. பொதுப் பணத்திலிருந்து வந்த மானியம் 3,500 யூரோ. செலவு 3,080. கையிருப்பு 420. ரசீதுகள் முப்பத்தேழு, எல்லாம் தேதி வரிசையில். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்கு போய்ச் சேர வேண்டும் என்பது விதி. இந்த ஆண்டு நாள் இருக்கும்போதே முடித்துவிட்டேன்.

ஆனாலும் படிவத்தில் ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன். "பயன்பெற்றோர் எண்ணிக்கை, ஏறத்தாழ" என்று கேட்கிறது. மூன்று நாளாக அந்தக் கட்டம் கண் முன்னே நிற்கிறது.

நான் காரைக்காலில் பிறந்தவள். கல்யாணமாகி 1996இல், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்கு வந்தேன். சேன் ஆந்த்ரே ஊரில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஒரு கூத்துக் குழுவின் சங்கத்துக்குப் பொருளாளர். பிரெஞ்சில் இந்தக் கூத்துக்கு "பால் தமூல்" என்று பெயர், தமிழ் ஆட்டம் என்று பொருள். ஆடுகிறவர்கள் அதை "நார்ல்கோன்" என்கிறார்கள். முதன்முதலில் கேட்டபோது எனக்குப் புரியவில்லை. மத்தளத்தை மத்தலோன் என்றும் தாளத்தைத் தாலோன் என்றும் அவர்கள் சொல்லக் கேட்ட பிறகுதான் பிடிபட்டது: நார்ல்கோன் என்பது நாடகம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த சொல், பேரப்பிள்ளைகளின் வாயில், இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், வால் மட்டும் மாறி உயிரோடு இருக்கிறது.

வந்த புதிதில் ஒரு ஜனவரி இரவு, தீமிதிக்கு முந்தைய நாட்களில் ஒன்று, கோயிலுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இந்தக் கூத்தை முதன்முதலாகப் பார்த்தேன். தண்ணீர் வேண்டும் என்று கூடத் தமிழில் கேட்கத் தெரியாத ஒரு மனிதர், விடிய விடியத் தமிழில் பாடினார். திரௌபதியைப் பாடினார், இங்கே அவளுக்குப் பாண்டியாலே என்று பெயர். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கிரியோலில் கதை சொன்னார். மரக்கட்டையில் செய்த புஜக்கட்டையும் கிரீடமும் கண்ணாடிச் சில்லுகளோடு மின்னின. பிறந்த ஊரை விட்டு வந்த துக்கத்தில் இருந்த எனக்கு அன்றைக்குத்தான் இந்தத் தீவில் கால் ஊன்றியது.

அவர்தான் எங்கள் வாத்தியார். இங்கே அந்தச் சொல்லும் "வர்த்தியால்" ஆகியிருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிவிட்டார். நான் அவரை வாத்தியார் ஐயா என்பேன், அவர் என்னை மகளே என்பார்.

அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பள்ளிக்கூட நோட்டு, பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு அச்சிட்டது. அவருடைய அப்பா ரோமன் எழுத்தில் தமிழ்ப் பாட்டுகளை எழுதி வைத்தது. எண்ணெய்க் கறை படிந்து சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தாளம் மாறும் இடங்களில் சிவப்புப் பென்சில் கோடு. ஒரு நாள் ஒரு வரியில் சொல்லைத் தவறாகப் பிரித்திருப்பதைப் பார்த்தேன். "வந்தானடி காணும்" என்பதை "வந்தான" என்று நிறுத்தி, "டிகாணும்" என்று தனியாக எழுதியிருந்தது. நான் ஆர்வத்தில் பென்சிலால் திருத்தி, பொருளையும் சொன்னேன். அவர் அந்த வரியை இரண்டு முறை மெல்லப் பாடிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பொருள் புரிந்தது மகளே, சந்தோஷம். ஆனால் அப்பா மூச்சு வாங்கிய இடம் இது. அதை மாற்ற வேண்டாம்." நான் ரப்பரை எடுத்து என் கோட்டை அழித்தேன்.

இந்த நோட்டுக்கும் பொதுப் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் நான் ஒன்பது ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் சிக்கல் மதம். 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ தராது என்கிறது. 1911இல் ஓர் ஆணை வழியாக அந்தச் சட்டம் ரியூனியனுக்கும் வந்தது. 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான பண்பாட்டுச் சங்கம் என்றால் மானியம் கேட்கலாம். வழிபாட்டுக்குக் கேட்க முடியாது. எங்கள் கூத்தோ கோயில் வாசலில் பிறந்து வளர்ந்தது. முதல் விண்ணப்பம் போட்ட ஆண்டு ஓர் அதிகாரி எங்களை அழைத்துப் பேசினார். மரியாதையான மனிதர். அவர் கேட்ட கேள்வி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது: "பூசை எந்த இடத்தில் முடிகிறது, நாடகம் எந்த இடத்தில் தொடங்குகிறது?"

வாத்தியார் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அறையிலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி, விநாயகர் பாட்டைப் பாடினார். தாளம் இல்லை, மேசையில் விரலால் தட்டிக்கொண்டார். முடித்துவிட்டுச் சொன்னார்: "இதைப் பாடும்போதுதான் மத்தளத்தின் சுதியைச் சரிபார்ப்போம். ஆட்டக்காரர்கள் முகத்தில் கடைசி மை வைப்பார்கள். இதை எடுத்துவிட்டால் எனக்குத் தொடங்கத் தெரியாது."

அந்த அதிகாரி தவறாகக் கேட்டார் என்று எங்கள் குழுவில் பலருக்குக் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் எதிர்வீட்டில் குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். தெருமுனையில் மளிகை வைத்திருப்பவர் சீனர். பின்வீட்டில் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகும் ஒரு பாட்டி. அவர்கள் எல்லோரும் கட்டிய வரி அந்த 3,500 யூரோவில் இருக்கிறது. நான் ஏற்றும் கற்பூரத்துக்கு அவர்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அதனால் அன்றைக்கே இரண்டு நோட்டு போட்டேன். தேங்காய், பூமாலை, கற்பூரம், அன்னதானம் எல்லாம் ஒரு நோட்டில்: தட்டில் விழும் காசும் வேண்டுதல் வைத்த குடும்பங்கள் தரும் பணமும் அதற்கு. மத்தளத் தோல், புஜக்கட்டைக்குப் பெயிண்ட், வேன் வாடகை, ஒலிபெருக்கி, பிள்ளைகளுக்கான பாட்டு வகுப்பு எல்லாம் இன்னொரு நோட்டில்: மானியம் அதற்கு. ஒரு யூரோ கூட இந்த நோட்டிலிருந்து அந்த நோட்டுக்குத் தாண்டியதில்லை. முதல் ஆண்டில் வாத்தியார் ஆடு வளர்க்கும் தெரிந்தவர் ஒருவரிடம் தோல் வாங்கினார், ரசீது இல்லை. அந்தத் தொகையை நான் மானியக் கணக்கில் ஏற்றவில்லை. அவருக்கு வருத்தம்தான். கணக்கு கேட்பது அவமானம் என்று நினைக்கும் கலைஞர்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊர்ப் பணத்தை வாங்கினால் கணக்கு காட்ட வேண்டும். இது முதல் கடன்.

இரண்டாவது கடன் கதவைத் திறந்து வைப்பது. பின்வீட்டுப் பாட்டி காசு கொடுத்திருக்கிறார், ஆகவே அவர் வந்து உட்கார ஒரு நாற்காலி இருக்க வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் யாராவது கதை சொல்ல வேண்டும். இந்தக் கடனை எங்கள் வாத்தியார்கள் மானியம் என்ற சொல் தெரிவதற்கு முன்பே தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு தமிழில், விளக்கம் கிரியோலில். டிக்கெட் கிடையாது.

சிலர் கேட்கிறார்கள், பிரான்சில் கலைஞர்களை அரசே காப்பாற்றுகிறதே, உங்களுக்கு என்ன குறை என்று. அவர்கள் சொல்வது மேடைத் தொழிலாளர்களுக்கான வேலையின்மைக் காப்பீட்டை. அது மானியம் அல்ல, சந்தா கட்டிப் பெறுவது. பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் மேடை வேலை செய்திருந்தால், நிகழ்ச்சி இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை வரும். ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவருக்கு, ஒரு நிகழ்ச்சியைப் பன்னிரண்டு மணி நேரமாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் ஆண்டுக்கு 43 நிகழ்ச்சிகள் வேண்டும். நல்ல ஏற்பாடு. இந்தத் தீவின் மலோயா பாட்டைப் பாடுகிற சில இளைஞர்கள் அதைக் கொண்டு குடும்பம் நடத்துவதை அருகில் இருந்து பார்க்கிறேன், மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு காலத்தில் அரசு மேடையில் இடமில்லாமல் கிடந்த பாட்டு அது, 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எங்கள் குழு ஆடுவது ஆண்டுக்கு எட்டு இரவு. அர்ச்சுனன் கொத்தனார். துரியோதனன் நகராட்சியில் தோட்ட வேலை பார்க்கிறார். பாஞ்சாலி, ஆண்தான், அறுவடைக் காலத்தில் புவா ரூழ் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறார். 43 இரவுகள் விழித்திருக்க இவர்களால் முடியாது, முடியவும் வேண்டாம்.

விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் தன்னார்வ உழைப்பை மதிப்பிட்டு எழுத ஒரு பகுதி உண்டு. கணக்குத் தலைப்பு 86, 87. மற்றவர்கள் அதைப் பெயருக்கு நிரப்புவார்கள். நான் ஓர் ஆண்டு முழுவதும் மணிக்கணக்கைக் குறித்து வைத்தேன். ஒத்திகை, வேடம் கட்டுவது, துணி தைப்பது, பாத்திரம் கழுவுவது, வேன் ஓட்டுவது. கூட்டிப் பார்த்தபோது எங்கள் ஆட்களின் உழைப்பு மானியத் தொகையைப் போலப் பல மடங்கு இருந்தது. அந்தத் தாளை வாத்தியாருக்குப் படித்துக் காட்டினேன். "அரசு எங்களுக்கு உதவுகிறதா, நாங்கள் அரசுக்கு உதவுகிறோமா மகளே?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு நானும் பொறுப்பு. அந்த ஆண்டு மானியத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஓர் அரங்கத்தில், விளக்குகளோடு, ஐம்பது நிமிடத்தில் கூத்தைச் சுருக்கிக் காட்ட வேண்டும். புதிய பார்வையாளர்களுக்கு அது ஏற்றதாக இருக்குமாம். குழுக் கூட்டத்தில் வாத்தியார் பேசவே இல்லை. நான் எழுந்து, வேன் வாடகை ஏறிவிட்டது, ஒலிபெருக்கி பழுது, ஒப்புக்கொள்வோம் என்றேன். எல்லோரும் தலையசைத்தார்கள்.

சூதாட்டம், துகிலுரிதல், சபதம். அவ்வளவுதான் ஐம்பது நிமிடத்தில் அடங்கியது. சபதத்தில் பாஞ்சாலி கூந்தலை அவிழ்த்துவிட்டு, துரியோதனன் ரத்தம் பூசித்தான் இதை முடிப்பேன் என்று நின்றாள். விளக்கு அணைந்தது. கைதட்டல் பலமாக இருந்தது, படம் எடுத்தார்கள், பத்திரிகையில் வந்தது. நாங்கள் மேடைக்குப் பின்னால் வேடம் கலைக்கும்போது ஒரு வயதான பெண்மணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஷான் போர்ன் பக்கத்திலிருந்து பேத்தியோடு வந்தவர். லாரிக்காரர் முகத்தில் பாதி மை அழிந்திருந்தது, தலைமுடி இன்னும் தோளில் கிடந்தது. அந்தப் பெண்மணி அவரைப் பார்த்துக் கேட்டார்: "இவள் கூந்தலை எப்போது முடிப்பாள்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் விடவில்லை: "அவிழ்ந்த கூந்தலோடு அவளை விட்டுவிட்டு நாங்கள் எப்படி வீட்டுக்குப் போவது?" வாத்தியார் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில் வேனில் ஒருவரும் பேசவில்லை. ஒப்புக்கொள்வோம் என்று எழுந்து சொன்னது நான்தானே. அந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

ஐம்பது நிமிடக் கூத்து கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஒரு மணி நேரம்தான் தருவார்கள், பிள்ளைகளுக்கு மத்தளத்தைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தாலே போதும். ஆனால் கலையின் உடலை அளந்து வெட்டுவது பணம் கொடுப்பவரின் வேலை அல்ல. பிரான்சில் 1951 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது: பள்ளிக்கூடம் கட்டினால் கட்டடச் செலவில் நூற்றில் ஒரு பங்கை அங்கே வைக்கும் ஒரு கலைப்படைப்புக்கு ஒதுக்க வேண்டும். இந்த வழக்கம் பின்னாளில் மற்ற அரசுக் கட்டடங்களுக்கும் வந்தது. என் மகள் படித்த மேனிலைப் பள்ளி முற்றத்திலும் அப்படி ஓர் இரும்புச் சிற்பம் உண்டு. மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. அதை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று யாரும் ஆண்டுதோறும் கணக்கு கேட்பதில்லை. அங்கே நிற்பதே போதும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு பங்கை இரும்பில் வார்க்க முடியாத கலைக்கும் தரலாமே என்பதுதான் என் கேள்வி. சிற்பம் தானாக நிற்கும். பாட்டு நிற்க வேண்டுமானால் ஒரு ஆள் வேண்டும், அவருக்குப் பிறகு இன்னொரு ஆள் வேண்டும்.

இதை நினைக்கும்போதெல்லாம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுதான் எனக்கு ஞாபகம் வரும். சிறுவயதில் அப்பாவோடு தஞ்சாவூர் போனபோது சுவரில் எழுத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று பின்னாளில்தான் படித்தேன். ராஜராஜன், கோயிலில் ஆடும் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் கொடுத்தான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்கள் ஊர் ஊராகப் பல கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுடைய விருப்பத்தை யாரும் கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை, அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது. ஒருவர் இறந்துபோனால், அல்லது ஊர் விட்டுப் போனால், அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் மானியம் கொடுத்தவன் கேட்ட பிரதிபலன், பணி அறுந்துபோகக் கூடாது என்பது.

நான் அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கேட்பேன்: உங்களிடம் யார் கற்றுக்கொள்கிறார்கள்? சென்ற ஆண்டு எத்தனை பாட்டு தெரிந்திருந்தது, இந்த ஆண்டு எத்தனை? கற்றுக்கொண்டிருந்த பிள்ளை நின்றுவிட்டால் ஏன் நின்றான்? அதற்கு நேர்மையான பதில் வந்தால், அது தோல்வியாக இருந்தாலும், அடுத்த ஆண்டும் கொடுப்பேன். மேடையில் எனக்கு நன்றி சொன்னார்களா, சுவரொட்டியில் எங்கள் சின்னம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று கேட்க மாட்டேன். ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து வாக்குக் கொடுப்பேன். ஒரு வாத்தியார் உருவாக ஓர் ஆண்டு போதாது. பணம் ஆட்டம் முடிந்து ஒன்பது மாதம் கழித்து வராமல் பார்த்துக்கொள்வேன். ஓர் ஆண்டு அப்படி வந்தது, வேன் வாடகையை என் கணவர் சேமிப்பிலிருந்து கட்டினோம்.

எங்கள் பதில் இதுதான். மூன்று பிள்ளைகள் பாட்டு வகுப்பில் சேர்ந்தார்கள். ஒருத்தி படிப்புக்காகப் பிரான்சுக்குப் போய்விட்டாள். இன்னொருவன் கால்பந்துக்குப் போய்விட்டான், அவனைக் குறை சொல்ல மாட்டேன், சனிக்கிழமை மாலை பதினைந்து வயதுப் பையனுக்கு வேறு என்ன வேண்டும். அவர்களுக்காக வாங்க நினைத்த இரண்டாவது மத்தளத்தை வாங்கவில்லை. அந்தத் தொகைதான் கையிருப்பில் நிற்கும் 420 யூரோ. அதைத் திருப்பித் தர வேண்டுமா, அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது பிள்ளை விடாமல் வருகிறான். பதினான்கு வயது. வீட்டில் தமிழ் கிடையாது. பெரிய பாட்டியின் பெயர் மட்டும் தமிழ்ப் பெயர்.

இந்த ஜனவரியில் முழு இரவுக் கூத்து ஆடினோம். இரவு பத்து மணிக்குக் கொட்டகையில் தலை எண்ணினேன்: 180. நள்ளிரவுக்குப் பிறகு மழை பிடித்தது, தகரத்தின் மேல் அடித்த அடியில் தாளம் கேட்கவில்லை, பலர் எழுந்து போனார்கள். குழந்தைகள் பாயில் தூங்கின. நான் ஒவ்வொரு கோப்பையாகக் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். துரியோதனன் விழுந்தான். லாரிக்காரர் தலைவிரி கோலமாய் நடுவில் வந்து உட்கார்ந்தார். வாத்தியார் தாளத்தை எடுத்தார், பிறகு என்ன நினைத்தாரோ, அதைப் பக்கத்தில் இருந்த பையன் கையில் கொடுத்துவிட்டார். பையன் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் நோட்டைத் திறந்து விரல் வைத்தார். அவன் பாடத் தொடங்கினான். குரல் முதல் வரியில் நடுங்கியது. இரண்டாவது வரியில் "வந்தான" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "டிகாணும்" என்று தொடர்ந்தான்.

பாஞ்சாலி கூந்தலை அள்ளி முடிந்தாள். முன்வரிசையில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஷான் போர்ன் அம்மாள் கும்பிட்டார். மணி 4.40. மறுபடி எண்ணினேன்: 31.

இப்போது அந்தக் கட்டத்தில் இரண்டு எண்ணையும் எழுதிவிட்டேன். 180, இரவு 10.00. அதன் கீழே 31, காலை 4.40. அதற்கும் கீழே இடம் போதாமல் சின்ன எழுத்தில், "கற்றுக்கொள்பவர்: 1" என்று. திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன்.